வண்டி வாங்கப் போன கதை

எங்கள் மாத்தூரில் வளர்ந்தவனுக்குப் புதிய கார் என்பது புதுமையான காட்சி அன்று. நீண்ட ட்ரெய்லர்களில் இரண்டு அடுக்காக ஏற்றப்பட்டு, கண்ணாடியில் ஒட்டிய காகிதம் கூடக் கிழியாத கார்கள் எண்ணூர்த் துறைமுகத்தை நோக்கிப் போவதைச் சிறு வயது முதலே பார்த்து வருகிறோம். அவை கப்பலேறி வெளிநாடு போகிறவை. அவற்றுக்கும் நமக்கும் உள்ள உறவு, அவை கிளப்பிய புழுதியோடு முடிந்துவிடும். ஆகவே 2025-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "ஒரு கார் வாங்கலாம்னு பார்க்கறேன்" என்று அப்பா சொன்னதும், அம்மா ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

காரணம் இல்லாமல் அவர் சொல்லவில்லை. அம்மாவுக்கு நெடுநாளாக இழுப்பு உண்டு. முந்திய ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு மூச்சுத் திணறல் மிகுந்துவிட்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. 108-ஐ அழைக்கும் நிதானம் கூட எங்களில் எவருக்கும் வரவில்லை. தண்ணீர்க் கேன் போடும் எதிர் வீட்டு அண்ணன் தம் குட்டி யானையை எடுத்தார். அம்மாவை முன்னால் உட்காரவைத்து, அப்பாவும் நானும் பின்னால் காலிக் கேன்களுக்கு நடுவே நின்றபடி ஸ்டான்லி மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேன்கள்தாம் பேசிக்கொண்டு வந்தன.

அப்பா மணலியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து 2025 மே மாதம் ஓய்வு பெற்றார். பணிக்கொடையும் வைப்பு நிதியும் வந்து, அக்காள் திருமணக் கடன் கழிந்து, கையில் நின்றது பதினெட்டு லட்சம். அதில் பாதியைத் தூக்கிக் காருக்குக் கொடுப்பதா என்பதுதான் அம்மாவின் கரண்டி கேட்ட கேள்வி. வணிகவியல் படிக்கிறவன் என்ற முறையில், கணக்குப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கினேன்.

எங்கள் வட்டாரத்துக்கும் காருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 என்னும் ஆங்கிலக் காரைப் பூட்டி விற்றது. 1955-இல் அந்த நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று. கார் போய் லாரியும் பஸ்ஸும் நிலைத்தன. அக்காலத்தில் கார் வாங்குவோருக்குத் தேர்வு என்ற தொல்லையே கிடையாது. 1983-இல் மாருதி 800 வந்தபோது, பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கிடைத்தால் போதும் என்று கும்பிட்டு வாங்கிய காலம் அது. இன்றோ ஒரே காருக்கு எட்டு வகை, பத்து வகை. காசு கொடுக்கிறவனைத் தேடி வந்து கும்பிடுகிறார்கள். கும்பிடு இடம் மாறியிருக்கிறதே ஒழிய, ஏமாறும் வாய்ப்பு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஷோரூமுக்கு டிசம்பர் முதல் ஞாயிறன்று குடும்பத்தோடு போனோம். அக்காள் மகளுக்கு ஐந்து வயது, அவளும் வந்தாள். குளிர்பதனம், காப்பி, பிஸ்கட், "வாங்க அங்கிள்" என்று அழைக்கும் ஓர் இளைஞர். அவர் நேராக எங்களை அழைத்துச் சென்றது உயர்ந்த வகைக் காரிடம். பொத்தானை அழுத்தினார், கூரை மெல்ல விலகியது. அடுத்த நொடியில் குழந்தை இருக்கை மேல் ஏறி நின்று, சன்ரூஃப் வழியே தலையை நீட்டி, "தாத்தா!" என்று கூவினாள். அப்பா முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு லட்சமும் அங்கேயே கரைந்துவிடும் போலிருந்தது.

ஆனால் அவர் அடுத்துச் செய்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தோளில் இருந்த துண்டைப் பளிங்குத் தரையில் விரித்தார், மல்லாந்து படுத்தார், காருக்கு அடியில் தலையை விட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்க்கத் தொடங்கிவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இளைஞர், "அங்கிள், எல்லாம் புரோஷர்ல இருக்கு" என்றார். "புரோஷர்ல துரு இருக்காதுப்பா" என்று அடியிலிருந்து பதில் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் உப்புக் காற்றிலும் ஆவியிலும் குழாய்கள் அரித்துப்போவதைப் பார்த்தவர் அவர். தளத்தின் உயரம் எவ்வளவு, எஞ்சினுக்குக் காற்றிழுக்கும் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் கை முழத்தால் அளந்து என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்த அளவு ஏன் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் உயர்ந்த வகையே வேண்டும் என்றிருந்தது. அகலத் திரை, அலாய் சக்கரம், கம்பியில்லாமல் கைப்பேசிக்கு மின்னேற்றம், அப்புறம் அந்தக் கூரை. நடு வகையின் ஷோரூம் விலை 8,90,000 ரூபாய். உயர்ந்த வகை 10,15,000. வித்தியாசம் ஒன்றேகால் லட்சம்தானே என்று இளைஞரும் சொன்னார், நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து நோட்டில் போட்டபோதுதான் 'தானே' என்ற சொல்லின் விலை தெரிந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுட்கால வரி, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 விழுக்காடு. பத்தைத் தாண்டினால் 18. தாண்டிய பகுதிக்கு மட்டுமன்று, முழு விலைக்கும். நடு வகைக்கு வரி 1,15,700. உயர்ந்த வகைக்கு 1,82,700. ஆக, ஒன்றேகால் லட்சம் என்றது ஒரு லட்சத்துத் தொண்ணூற்று இரண்டாயிரம் ஆயிற்று. பத்து லட்சத்தைத் தாண்டியதால் விற்பவர் பிடித்துக் கட்டும் ஒரு விழுக்காடு வருமான வரி வேறு. பின்னால் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம் என்றாலும், முதலில் கையை விட்டுப் போவது போவதுதான். ஏர்பேக் இரு வகையிலும் ஆறு. பிரேக்கும் எஞ்சினும் இரண்டுக்கும் ஒன்றே.

இரண்டாவது ஷோரூமில் சலுகையே பிரதானம். "அறுபதாயிரம் வரை" என்று வாசலில் எழுதியிருந்தது. அந்த 'வரை'யைப் பிரித்துப் பார்த்தோம். பழைய காரைக் கொடுத்தால் இருபதாயிரம். எங்களிடம் இருந்தது பழைய சைக்கிள். குறிப்பிட்ட நிறுவனங்களில் வேலை செய்தால் ஐயாயிரம். அப்பா ஓய்வு பெற்றவர். எஞ்சியது முப்பத்தைந்து. போதாததற்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததையும் தங்கள் சலுகைப் பட்டியலில் முதல் வரியாகப் போட்டிருந்தார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

அந்த முப்பத்தைந்தாயிரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அப்பா வண்டியைக் காட்டச் சொல்லி, தயாரித்த மாதம் பொறித்த தகட்டைத் தேடினார். மார்ச் மாதம்! ஒன்பது மாதமாக ஏதோ ஒரு திடலில் வெயில் காய்ந்த வண்டி. ஜனவரி பிறந்தால் அது 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடும். விற்கப் போகும் நாளில் பதிவுச் சான்றிதழில் அந்த மாதமும் ஆண்டும் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். "பேட்டரி, டயர் எல்லாம் புதுசாத்தானே அங்கிள் இருக்கு?" என்றார் அங்கிருந்தவர். "தம்பி, ஓடுற பம்பை விட நின்ன பம்புதான் முதல்ல சீல் போவும்" என்றார் அப்பா. ஆனால் முற்றிலும் வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. பத்து வருடம் ஓட்டப் போகிறவனுக்குப் பழைய மாதம் பெரிய நட்டம் இல்லை, மூன்று வருடத்தில் விற்பவனுக்குத்தான் நட்டம் என்பது அவர் கணக்கு. நவம்பரில் தயாரான வண்டி என்றால் பதினைந்தாயிரம்தான் தள்ளுபடி. இருபதாயிரத்துக்காக அந்தத் திடல் வண்டியை எடுப்பதா என்று நானும் அவரும் இரண்டு நாள் வாதாடினோம். நான் எடுக்கலாம் என்றேன். அவர் பேட்டரி விலையையும் நான்கு டயர் விலையையும் என் நோட்டில் தம் கையாலேயே எழுதி வைத்தார், வாதம் முடிந்தது.

துணைப்பொருள் தொகுப்பு என்று இருபத்தெட்டாயிரம் போட்டிருந்தார்கள். பட்டியலை விரித்தால் மிதியடி, இருக்கை உறை, மேலே போர்த்தும் துணி, கதவுப் பிடிக்குப் பளபளப்புத் தகடு. ஜி.பி. ரோடு இருக்கும் ஊரில் இதற்கா இவ்வளவு? அங்கே விலை பாதிக்குக் கீழே என்று நான் மகிழ்ந்து போய்ச் சொன்னபோது, அந்தக் கடைக்காரரே ஒன்றைக் கேட்டார்: "தம்பி, சைடு ஏர்பேக் சீட்டுலேருந்து வருதா?" ஆமாம் என்றேன். அப்படியானால் கெட்டியான உறை போட்டு இறுக்கித் தைத்தால் விபத்தின்போது ஏர்பேக் விரியாமல் தடைப்படலாம், அதற்கென்று பக்கம் திறந்த உறைதான் போடவேண்டும் என்று விளக்கினார். விற்க வேண்டியவரே விற்காமல் அனுப்பியது அந்த ஒரு கடையில்தான். முன்னால் இரும்புக் கம்பி வைக்கலாமா என்ற என் ஆசைக்கும் அவர் தலையை ஆட்டிவிட்டார். 2017-லேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டதாம். மிதியடி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி இன்ஷூரன்ஸ். இங்கேதான் அப்பா எஞ்சினின் காற்று வாயை முழம் போட்டதன் பொருள் விளங்கிற்று. எங்கள் பகுதி நீர் அறிந்த பகுதி. புழல் ஏரியின் உபரி நீர் வடபெரும்பாக்கம் வழியாக மணலியைத் தொட்டு எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போவது எங்கள் பக்கமாகத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தொடையளவு தண்ணீர். மூன்றாம் வீட்டுக்காரர், தண்ணீரில் நின்ற தம் காரை எப்படியாவது மேட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று சாவியைத் திருப்பினார். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாது. அழுத்தப் போன கம்பிகள் வளைந்து எஞ்சின் போயிற்று. அவரிடம் முழு இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆனால் எஞ்சினுக்கென்று தனியாகச் சேர்க்கும் காப்பு இல்லாததால், இருக்கையையும் மின்கம்பிகளையும் கழுவிய செலவு கிடைத்ததே தவிர எஞ்சினுக்குக் காசு கிடைக்கவில்லை. காரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். இன்றும் அந்தக் கார் நின்ற இடத்தில் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது.

ஷோரூமில் கொடுத்த இன்ஷூரன்ஸ் கணக்கு ஐம்பத்திரண்டாயிரம். அதில் சாவி தொலைந்தால் காப்பு, பொருள்கள் தொலைந்தால் காப்பு எல்லாம் இருந்தன. எஞ்சின் காப்பு இல்லை! புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பு மூன்றாண்டுக்கு எடுத்தாகவேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. ஆனால் யாரிடம் எடுப்பது என்பது வாங்குபவர் உரிமை. வெளியில் விசாரித்ததில் எஞ்சின் காப்பையும் தேய்மானம் கழிக்காத காப்பையும் சேர்த்தே நாற்பத்தோராயிரம் ஆயிற்று. "வெளியே எடுத்தால் எங்கள் பட்டறையில் பணமில்லாச் சேவை கிடைக்காது" என்றார்கள். அந்த இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பட்டறைப் பட்டியலைப் பார்த்தால், அவர்கள் பட்டறையின் பெயரே அதில் இருந்தது. காட்டினேன். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை. 'கையாளும் கட்டணம்' என்றிருந்த ஏழாயிரத்து ஐந்நூறும் அதே சுருதியில் மறைந்தது.

எல்லாம் முடிந்தும் அப்பா மனம் அந்தக் கூரையையே சுற்றிக்கொண்டிருந்தது. பேத்தி தொலைபேசியில் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், என் வண்டியில உக்காந்தா இடது பக்கம் கதவோரமா வர்ற கார் எனக்குக் கண்ணுலயே படாது. அதுக்குள்ள ஒரு குழந்தை தலையை வெளியே நீட்டிக்கிட்டு வந்தா?" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. தவிரவும் மணலிச் சாலையில் கூரையைத் திறந்தால் உள்ளே வருவது நிலவொளி மட்டுமா? அம்மாவின் இழுப்புக்காக வாங்குகிற வண்டியில் அந்தக் காற்றை இறக்க ஒரு சன்னலுக்கு இரண்டு லட்சம் கொடுப்பதை நினைத்து, நானே நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

நடு வகைதான் வந்தது. நவம்பர் மாதத் தயாரிப்பு, வெள்ளை நிறம். எடுத்த அன்று நேரே திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டோம். பின்னிருக்கையில் பெல்ட் எதற்கு என்று அம்மா கேட்க, அப்பா இறங்கி வந்து, ஃபிட்டர் கையால் இரண்டு முறை இழுத்துச் சோதித்து மாட்டிவிட்டார். பேத்தி கூரையை அண்ணாந்து பார்த்தாள். அவள் ஏமாற்றம் உண்மையானது. கடற்கரையும் பஞ்சுமிட்டாயும் அதை முற்றும் போக்கிவிடவில்லை.

மீந்த பணம் அஞ்சலகத்தில் அம்மா பெயரில் கிடக்கிறது. 2026 ஜனவரியில் ஓர் இரவு மறுபடியும் இழுப்பு வந்தது. வீட்டிலிருந்து ஸ்டான்லி வாசல் வரை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்: இருபத்தாறு நிமிடம்.