கிருமின்னா மாத்திரை குடுக்க வேண்டியதுதானே?

எங்க அப்பத்தா முப்பது வருஷம் விடியக்காலையில ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியா ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்க. மடியில எப்பவும் ஒரு சுருக்குப் பை இருக்கும். சின்னமனூர் வெத்தலை, கொட்டைப் பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. பசி தெரியாதாம். நீங்க தேனிப் பக்கம்னா உங்க வீட்லயும் இந்தப் பையைப் பார்த்திருப்பீங்க.

தீபாவளி லீவுல, "ஈறுல ரத்தம் வருதுடா"ன்னாங்க. போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பாக்கை ஒதுக்கி வைக்கிற அதே கன்னத்துக்கு உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. துடைச்சாலும் போகல. க.விலக்கு ஆஸ்பத்திரியில சின்னதா சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க.

ரிசல்ட் வர்ற வரைக்கும் தூக்கம் இல்ல. நான் ஈசிஇ, பயாலஜியை பத்தாவதோட விட்டவன். இருந்தாலும் தேடித் தேடிப் படிச்சேன். புகையிலையே இல்லாட்டியும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. அது தெரிந்த கதை. தெரியாத கதை, வாயில் இருக்கிற பாக்டீரியா.

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று ஒன்று. ஈறு நோயின் முக்கியப் புள்ளி. ஈறு செல்லுக்குள்ளேயே புகுந்து, சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் செய்யும். வேறு சில பாக்டீரியாக்கள் எச்சிலில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அதிலிருந்து புற்றுநோயைத் தூண்டும் நைட்ரோசமைன்கள் உருவாகலாம். மதுவை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறவையும் உண்டு (ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்க). டாடா நினைவு மையத்தின் நவி மும்பை ஆய்வாளர்கள், நாக்குப் புற்றுநோய்க் கட்டிகளில் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் இருப்பதை 2022-ல் எழுதியிருக்கிறார்கள். அது இருந்தவர்களுக்கு அழற்சியும் அதிகம், பிழைக்கும் வாய்ப்பும் குறைவு.

இதையெல்லாம் போன்ல சொன்னா அப்பத்தா ஒரே கேள்வி கேட்டாங்க: "கிருமின்னா மாத்திரை குடுக்க வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. வயிற்றுப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியை மாத்திரையால ஒழிக்க முடியும். ஆனா வாயில நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியா. நல்லதும் அதுலதான் இருக்கு. அதோட, கட்டியில பாக்டீரியா இருக்குன்னா அதுதான் கட்டியை உண்டாக்குச்சுன்னு அர்த்தம் இல்ல. கட்டி வந்தபிறகு குடியேறியிருக்கலாம். மெஷின் லேர்னிங் வகுப்புல கோரிலேஷன் வேற, காரணம் வேறன்னு தூங்கிட்டே கேட்டேன். இப்பதான் உறைச்சது. பாக்டீரியா மேல பழியைப் போட்டுட்டு சுருக்குப் பையைக் காப்பாத்தவும் முடியாது. முதல் குற்றவாளி அந்தப் பைதான்.

ரிசல்ட் வந்துச்சு. புற்றுநோய் இல்ல. ஆனா செல்கள் மாற ஆரம்பிச்சிருக்கு. எல்லாத்தையும் நிறுத்தணும், ஈறைச் சுத்தம் பண்ணணும், மூணு மாசத்துக்கு ஒருமுறை காட்டணும்.

புகையிலையை விட்டுட்டாங்க. பாக்குதான் இன்னும் சண்டை. ஊருக்குப் போற ஒவ்வொரு தடவையும் பையை இறக்கி வச்சதும் டார்ச்சை எடுக்கிறேன். "ஆ காட்டு அப்பத்தா." "காப்பியைக் குடிச்சிட்டுக் காட்டுறேன், போடா."