கசான்ல எத்தின மணிக்கு நோன்பு திறப்பு?

ராவெல்லாம் ரஷ்யாவப் பத்தி இங்கிலீஷ்ல வாசிக்கிறதுதான் இப்ப எனக்குத் தொழில்.

யுத்தம், புட்டின், எண்ணெய் விலை எண்டுதான் தொடங்கினன்.
போய் நிண்டது கசான்ல.

வொல்கா ஆத்தங்கரை. தத்தர்ஸ்தான்ட தலைநகர்.
கிரெம்ளின் எண்டா மாஸ்கோ மட்டும்தானா? கசான்லயும் ஒண்டு இரிக்கி.
அதுக்குள்ள குல் ஷரீஃப் பள்ளிவாசல்.
1552ல பயங்கர இவான்ட படை ஊரப் புடிக்கக்குள்ள அங்க இருந்த பள்ளி அழிஞ்சி போச்சி. அத நினைச்சிப் புதுசா கட்டித் திறந்தது 2005ல.

இதவிடப் பழைய கதை ஒண்டு.
922ல பக்தாத் கலீஃபாட தூதுக்குழுவோட இப்னு ஃபழ்லான் வொல்காப் பக்கம் போறார்.
கூடாரத்துல கதைச்சிக்கிட்டே இஷா பாங்குக்குக் காத்துக்கிட்டு இரிக்கார்.
பாங்கும் கேக்குது.
வெளிய வந்து பார்த்தா விடிஞ்சிட்டு!
சொன்னது சுபஹு பாங்காம். இஷாவ மஃரிபோடயே சேர்த்துத் தொழுதிடுவாங்களாம். ராவு அவ்வளவு கட்டை.

நம்மட கல்முனையில வருஷம் முழுக்கப் பகல் 12 மணித்தியாலத்தச் சுத்தித்தான்.
அந்தப் பகல் நோன்புக்கே அசருக்குப் பொறகு மணிக்கூட்டப் பார்த்துப் பார்த்து உம்மாக்கிட்ட ஏச்சு வாங்குற ஆள் நான்.

மச்சான்மார் புட்டின்ட அடுத்த திட்டம் என்னெண்டு கேட்டா முழிப்பன்.
கசான்ட நோன்பு திறக்கிற நேரத்தக் கேட்டா உடனே சொல்லுவன்.

மாஸ்கோவுல 1960ல தொடங்கின லுமும்பா பல்கலைக்கழகத்துல இலங்கைப் புள்ளைகளும் படிச்சவங்க.
ரஷ்யாவுல படிச்ச நம்மட ஆக்கள் ஆரும் இதப் பார்த்தா சொல்லுங்க:
ஜூன் மாச நோன்ப அங்க எப்படித்தான் புடிச்சீங்க?