எந்த வருஷத்துக்குப் போட்டீங்க?

அமெரிக்காவில் வரிப் படிவம் நிரப்பித் தரும் எங்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் 15 வரை இரண்டு ஆண்டுகள் சேர்ந்தே நடக்கும். ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலக் கணக்கில் அந்த மாதங்களில் போடும் பணத்தைப் போன ஆண்டுக்கும் வைக்கலாம், நடப்பு ஆண்டுக்கும் வைக்கலாம். எதற்கென்று சொல்ல வேண்டியவர் பணம் போடுபவர். சொல்லாமல் விட்டால், பணம் வந்த ஆண்டுக்கே கணக்கை வைத்திருக்கும் நிறுவனம் எழுதிக்கொள்ளும்.

அதனால் "எவ்வளவு போட்டீங்க?" என்று நான் தொடங்குவதில்லை. "எந்த வருஷத்துக்குப் போட்டீங்க?" என்பேன். "பிப்ரவரியில போட்டேன் சார்" என்று பதில் வரும். தேதி தெரிந்து பயனில்லை. நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வேன். 2025 பிப்ரவரியில் போட்ட 7,000 டாலரை 2024-க்கு என்று அவர் நினைத்திருப்பார். அங்கே 2025 என்று இருக்கும்.

ஏப்ரல் 15-க்குள் கண்டுபிடித்தால் கவலையில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் கேட்டால் ஆண்டை மாற்றித் தந்துவிடும். பணம் இருந்த இடத்திலேயே இருக்கும். பதற்றத்தில் பணத்தை வெளியே எடுத்துத் திரும்பப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. எடுத்த பணம், எடுத்ததைக் காட்டும் 1099-ஆர் படிவமாகி, அடுத்த ஆண்டு விளக்கம் கேட்டு வந்து நிற்கும்.

கெடு தாண்டினால் கதையே வேறு. படிவம் தாக்கல் செய்ய அக்டோபர் வரை அவகாசம் வாங்கலாம். ஐஆர்ஏவில் பணம் போடும் கெடு அதனால் ஒரு நாள்கூட நீளாது. எந்தப் பணம் எந்த ஆண்டுக்கு என்று காட்டும் 5498 படிவமோ மே மாதக் கடைசியில்தான் கைக்கு வருகிறது. பலர் அதைப் பிரிப்பதே இல்லை. 2024-க்குக் கழிவு கேட்டிருந்தால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் திருத்தி, வரியை வட்டியோடு கட்ட வேண்டும். அந்தப் பணம் 2025-க்கு ஆகிவிடும். அது தெரியாமல் 2025-க்கென்று இன்னொரு 7,000 போட்டிருந்தால், ஆண்டு வரம்பைத் தாண்டிய கூடுதல் தொகையைக் காலத்தில் எடுக்காதவரை ஆண்டுதோறும் 6 சதவீத அபராதம்.

வரியைவிட எனக்கு வலிப்பது, அந்த ஆண்டுக்குப் பணம் போட இருந்த இடத்தை இழந்ததுதான். 2024-இன் 7,000 டாலர் இடம் இனி எப்போதும் திறக்காது. முப்பது வயதுக்காரருக்கு அது முப்பது ஆண்டு வளர்ச்சி.

ராத் என்ற ஐஆர்ஏ வகையில் இன்னொன்றும் இருக்கிறது. வளர்ச்சியை வரியில்லாமல் எடுக்க, வயது 59½ ஆவதோடு, ஐந்து ஆண்டுக் காலமும் முடிய வேண்டும். முதல் ராத் பணத்தை 2025 ஏப்ரலில் 2024-க்கென்று போட்டால் அந்தக் காலம் 2024 ஜனவரி 1-இலேயே தொடங்கிவிடும். ஐம்பத்தெட்டு வயதில் தொடங்குகிறவருக்கு அந்த ஓர் ஆண்டு பெரிது. அதனால், ஆண்டை மாற்றக் கேட்டவர் தொலைபேசியில் "மாத்திட்டாங்க சார்" என்று சொன்ன பிறகும், மாறிய ஆண்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வரும்வரை நான் வரிப் படிவத்தை அனுப்புவதில்லை.