இரண்டு தாது வருஷங்கள்

எங்கள் ஆயாவுக்கு 1936 தெரியாது, தாது வருஷம் தெரியும். தான் பிறந்தது தாது வருஷம் ஆனி மாசம் என்பாள். அதே வாயால், "தாது வருசத்துப் பஞ்சத்துல எங்க ஆயா மெட்ராசுக்கு நடந்தே போயி மண்ணு சொமந்தா" என்பாள். திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஊரில் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்ட எனக்கு, கைக்குழந்தையான ஆயாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தக் கிழவி கூடை சுமக்கிற மாதிரிதான் தோன்றும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்று மாமாதான் பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டினார். பஞ்சத்துத் தாது 1876, ஆயாவுடையது அடுத்த தாது.

கிழவி அப்போது சின்னப் பெண். எங்கள் ஆயா பாவாடை கட்டித் திரிந்த காலம்வரை இருந்துவிட்டுத்தான் போனாளாம். அப்படியானால் எனக்கும் அந்தப் பஞ்சத்துக்கும் நடுவில் இரண்டே வாய்கள். வரலாற்றுப் பாடத்தில் ஒரு பாராவில் முடிந்துபோன சங்கதி, எங்கள் வீட்டில் புளி நசுக்கும்போது வரும்.

மாசி, பங்குனியில் முற்றத்தில் சாக்கை விரித்து ஓடு நீக்கிய புளியைக் கொட்டுவார்கள். ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கல்லின் மேல் வைத்து, குழவியால் ஒரு தட்டு. கொட்டை தெறிக்கும், நாரை உரித்து முறத்தில் போடுவாள். தெறித்த கொட்டையைப் பொறுக்குவது என் வேலை, பல்லாங்குழிக்கு. கை ஓடுகிறவரை கதையும் ஓடும். வேலை நின்றால் வாயும் நின்றுவிடும்.

துபாயிலிருந்து வந்த மாமா ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தார். ஆயா கதையைப் பிடித்துவைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவளை நாற்காலியில் உட்காரவைத்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஆயா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "வணக்கம். நாங்கள் நலமாக இருக்கிறோம்" என்றாள், ஆகாசவாணிக் குரலில். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. மறுநாள் மாமா பெட்டியைப் புளிச்சாக்குக்குப் பின்னால் மறைத்து வைத்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பேட்டி எடுத்தது நான்தான். "அப்புறம் ஆயா?" என்பதைத் தவிர வேறு கேள்வி எனக்குத் தெரியாது. பெரியவர்களிடம் கதை கேட்கப் போகிறவர்கள் முப்பது கேள்வி எழுதிக்கொண்டு போவதைப் பார்த்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தக் கேசட்டில் குழவி தட்டுகிற சத்தம், கோழி, நடுவே ஆயா. கிழவி மெட்ராஸில் கால்வாய் வெட்டப் போன கதை அதில் இருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கே நிலைத்தது. நாளெல்லாம் உழைக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அளவு வகுத்தார். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. "குடுத்தது வவுறு நெறைய இல்ல, உசுரு போவாம இருக்க" என்பது கிழவி சொல்லி ஆயா சொன்ன கணக்கு. அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார். எடுத்தவர் பெயர் இருக்கிறது, உட்கார்ந்தவர்கள் ஒருவர் பெயரும் இல்லை. எங்கள் கிழவியின் பெயர் கேசட்டில் இருக்கிறது, அலமேலு.

தாத்தாவும் அதே கால்வாயில்தான் பிழைத்தார். சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய தோணியைக் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுக்கிற வேலை. அவருடைய இடது தோளில், கழுத்தோரம், கயிறு பதிந்த இடம் உள்ளங்கை மாதிரி காய்த்துப்போயிருக்கும். தொட்டால் கூச்சமே இருக்காது. அறுபதுகளின் நடுவில் அடித்த புயலில் கால்வாய் சிதைந்து தூர்ந்ததும் தோணிகள் நின்றன. அவர் எதையும் பேசமாட்டார். அவர் பங்கையும் ஆயாதான் சொல்வாள், கொஞ்சம் கூட்டியே.

கூட்டிச் சொல்வதில் அவள் கெட்டிக்காரி. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காட்டி, "இன்னும் ஆறு கோயிலு தண்ணிக்குள்ள கெடக்குது" என்பாள். மாமா சிரிப்பார். 2002இல் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் ஓர் ஆங்கிலேயக் குழுவும் உள்ளூர் மீனவர்கள் சொன்ன இடங்களில் முங்கிப் பார்த்தபோது, கடற்கரைக் கோயிலுக்கு அரை கிலோமீட்டருக்கு அப்பால் இடிந்த சுவர்களும் செதுக்கிய கற்களும் தட்டுப்பட்டன. ஆறு கோயில் என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கேசட்டின் மறுபக்கத்தில் ஆயாவின் கல்யாணக் கதை இருந்தது. சின்ன மாமா அதன்மேல் இளையராஜா பாட்டைப் பதிந்துவிட்டார். இப்போது அதை ஆயாவின் தங்கை, எங்கள் சின்னாயாவிடம் கேட்டு நிரப்புகிறேன். "அவ சொன்னதுல பாதி புளுகு" என்றுதான் ஆரம்பிக்கிறாள். பெண் பார்க்க வந்தது மாட்டுவண்டியில் இல்லையாம், தோணியிலாம். ஆயா இதை ஏன் மறைத்தாள் என்று கேட்டேன். "தோணிக்காரன் ஊட்டு சம்பந்தம்னு சொல்லிக்க வெக்கம்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன், யார் சொன்னது என்று பக்கத்திலேயே போட்டு.