தெருப் பெயர் வேண்டாம்

சென்னை நிருபர் யாரைப் பற்றி எழுதினாலும், பெரும்பாலும் மறுநாள் அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவில் நிருபருக்கு அந்த வசதி கிடையாது.

விபத்துச் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் ரைட்டர் சொல்லும் வயது உத்தேசம்தான். இனிஷியல் பல நேரம் இருக்காது. ஆகவே அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலுக்குப் போயே ஆக வேண்டும். அழுகிறவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி, போனில் வண்டிக்கு ஏற்பாடு செய்துகொண்டு ஒருவர் நிற்பார். மைத்துனராகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். ஆதார் ஜெராக்ஸ் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். தகப்பனார் பெயர், வயது, தெரு எல்லாம் அதில் கிடைத்துவிடும்.

அடிதடி வழக்கென்றால் அந்தத் தெருவை எழுத மாட்டேன். எங்கள் பக்கம் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. 'இரு தரப்பினர்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். யார் யார் என்று ஊருக்கு எப்படியும் தெரியும். ஆனால் அச்சில் வந்துவிட்டால், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு தெருவில் கூட்டம் கூடும்.

போக்சோ வழக்கு இன்னும் சிக்கல். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. பெயரை மறைத்துவிட்டுக் கிராமத்தையும் வகுப்பையும் போட்டால், இங்கே அது பெயரைப் போட்டதேதான். "எந்த ஊர்னு போடுங்க" என்று டெஸ்க்கிலிருந்து போன் வரும். "சங்கரன்கோவில் அருகேன்னு போதும் சார்" என்பேன். மற்ற பேப்பரில் ஊர்ப் பெயர் வந்திருந்தால் மறுநாள் திட்டு எனக்குத்தான். வாங்கிக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் செய்திக் கவரைத் திருநெல்வேலி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். கடைசிக் கவர் போனதும் வீட்டுக்குப் போகலாம். வாட்ஸ்அப் வந்தபிறகு அதெல்லாம் இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும், திங்கட்கிழமை மனுநாளுக்கு நாங்களும் அங்கே ஓட ஆரம்பித்தோம்.

சம்பளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பகுதிநேர நிருபருக்கு விளம்பரக் கமிஷன்தான் சோறு. ஆடித்தபசுச் சிறப்பிதழுக்கு ஜவுளிக்கடை, நகைக்கடை, கட்சிக்காரர் என்று ஏறி இறங்க வேண்டும். மற்ற நாட்களில் எழுத வேண்டியிருப்பதும் இவர்களைப் பற்றித்தான். ஒரு கடைக்காரர் நடைபாதையை மறித்துப் படிக்கட்டு கட்டியதைப் படத்தோடு போட்டேன். மறுவாரம் அவரிடமே விளம்பரம் கேட்டுப் போனேன். "வாங்க அண்ணாச்சி, படத்துல நம்ம கடை போர்டு நல்லா விழுந்திருக்கு" என்றார். கால் பக்கம் கொடுத்தார். படிக்கட்டை இன்னும் இடிக்கவில்லை.