பழைய லேப்டாப்பை லினக்ஸுக்கு மாத்துறவங்களுக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அதுல இருந்து டவுன்ல இருக்கிற நண்பர்கள் ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க, "உங்க வீட்ல லினக்ஸ்தானே ஓடுது, நாங்களும் மாறலாமா?"ன்னு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், ஓரளவு புது பிராசசர் வேணும். அதுக்காக நல்லா ஓடுற மெஷினைத் தூக்கிப்போட மனசு வரலைன்னா தாராளமா மாறலாம். எங்க லேப்டாப் 4 ஜிபி ராம்தான். லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டிருக்கேன். பால் கணக்கு, பட்டா சிட்டா பார்க்கிறது எல்லாம் அதுலதான்.

ஆனா ஒரே நாள்ல மாறாதீங்க. மொத்தக் காட்டையும் ஒரே போகத்துல இயற்கை விவசாயத்துக்குத் திருப்பினவங்க, அடுத்த வருஷமே யூரியா மூட்டையோட நின்னதைப் பார்த்திருக்கேன். அரை ஏக்கர்ல ஆரம்பிச்சவங்கதான் நிலைச்சாங்க.

முதல்ல விண்டோஸ்லயே பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி போட்டு ஒரு மாசம் வேலை பாருங்க. மூணும் லினக்ஸ்லயும் இருக்கு, மாறும்போது கை தடுமாறாது. அப்புறம் ஒரு காலி 8 ஜிபி பென்டிரைவ் எடுங்க. மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் மாதிரி ஒரு மென்பொருளால அதுல எழுதி, பென்டிரைவ்ல இருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். நீங்களா நிறுவச் சொல்லாத வரைக்கும் ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற விண்டோஸ் அப்படியே இருக்கும். கொஞ்சம் மெதுவா ஓடும், பரவாயில்ல. வைஃபை பிடிக்குதா, சத்தம் வருதா, பிரிண்டர் வேலை செய்யுதா, இதெல்லாம் அப்பவே தெரிஞ்சிடும்.

தமிழ் விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்ல. டைப் பண்றது சிரமமில்ல. ஐபஸ்ஸோட எம்17என் தொகுப்பைச் சேர்த்தா தமிழ்99 கிடைக்கும். சிக்கல் பழைய கோப்புகள்லதான். வானவில், பாமினி எழுத்துருவுல அடிச்சதெல்லாம் அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல வெறும் கிறுக்கலாத் தெரியும். எங்க ஏரிப் பாசன சங்கத்தோட இருபது வருஷ முறைப்பாசனக் கணக்கு அப்படித்தான் இருந்துச்சு. கடைமடையில யாருக்கு எந்த நாள் தண்ணின்னு சண்டை வந்தா எடுத்துக் காட்ட எங்களுக்கு வேற ஆதாரம் கிடையாது. போன தலைமுறை ஆளுங்க பாதிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. அதை யூனிகோடுக்கு மாத்தி, வரி வரியா ஒப்பிட்டுப் பார்த்து, ரெண்டு இடத்துல காப்பி வெச்சு, ஒரு பிரிண்டும் எடுத்த பிறகுதான் லினக்ஸ் நிறுவினேன். அதுக்கே மூணு வாரம் ஆச்சு. உங்க வீட்லயும் அப்பா அடிச்சு வெச்ச பாகப்பிரிவினைப் பட்டியல், தாத்தா சொல்லச் சொல்ல எழுதினதுன்னு ஏதாவது இருக்கும். ஒருதரம் தேடிடுங்க.

டாலியில கடைக் கணக்கு பார்க்கிறவங்க விண்டோஸையும் பக்கத்துலயே வெச்சுக்கோங்க. ரெண்டையும் ஒரே மெஷின்ல வெச்சிருக்கிறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. அர்த்தம் தெரியாத கட்டளையை எங்கிருந்தோ எடுத்து டெர்மினல்ல ஒட்டாதீங்க, அதுவும் சுடோன்னு ஆரம்பிச்சா கையைக் கட்டிக்கோங்க.

எந்த லினக்ஸ்னு ரொம்ப ஆராய வேண்டாம். பக்கத்து வீட்டுத் தம்பி உபுண்டு வெச்சிருந்தா நீங்களும் உபுண்டுவே போடுங்க. ராத்திரி பத்து மணிக்கு ஸ்கிரீன் கறுப்பா நின்னா, கதவைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் வேணும்ல.