ஆற்றை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை

துர்க்கு நகரம் தலைநகர் அந்தஸ்தை 1812-ல் இழந்தது. 1827-ல் ஊரே எரிந்துபோனது. 1828-ல் பல்கலைக்கழகமும் கையை விட்டுப் போனது. பதினாறே ஆண்டுகளில் ஒரு நகரத்துக்கு இதைவிட மோசமாக எதுவும் நடந்துவிட முடியாது. ஆனாலும் ஃபின்லாந்தின் மிகப் பழைய நகரம் எது என்று கேட்டால் பதில் இன்றும் துர்க்குதான். ஹெல்சிங்கியைச் சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுபவர்கள் பார்க்காமல் விடுவது இந்தக் கதையைத்தான். ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். இரண்டு முழு நாட்கள் கையில் இருந்தால் அவசரமில்லாமல் பார்த்துவிடலாம்.

ஊரின் நடுவே ஓடுவது ஔரா ஆறு. மொத்த நீளமே சுமார் 70 கிலோமீட்டர்தான். நம் ஊர்க் கணக்கில் இது வெறும் ஓடை. ஐரோப்பிய நதி என்றதும் நீல நிறத்தை எதிர்பார்த்து வருகிறவருக்கு முதல் பார்வையில் ஏமாற்றம் நிச்சயம். மேலே உள்ள வயல்களின் களிமண்ணைச் சுமந்துகொண்டு, அதிகம் பால் விட்ட தேநீர் போலக் கலங்கலாகத்தான் வருகிறது. ஆனால் ஊரே இந்த ஆற்றைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. கோடைக்காலத்தில் இரண்டு கரைகளிலும் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டு உணவகங்களாகின்றன. கரையில் மரங்களின் கீழ் நடைபாதை. ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பதினொரு மணியாகிறது. மறைந்த பிறகும் முழு இருட்டு வருவதில்லை. எனவே இங்கே 'மாலை நடை' என்பது மிக நீளமான விஷயம்.

உள்ளூர்ப் பேச்சில் ஆற்றின் இரண்டு கரைகளுக்கும் நிலையான பெயர்கள் உண்டு. தேவாலயம் இருப்பது 'இந்தப் பக்கம்'. சந்தைச் சதுக்கம் இருப்பது 'அந்தப் பக்கம்'. பேசுகிறவர் எந்தக் கரையில் நின்றாலும் இதுதான் வழக்கு. ஊர் முதலில் எந்தக் கரையில் வளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

'துர்க்கு' என்பதே பழைய ரஷ்ய மொழியிலிருந்து வந்த சொல். பொருள்: சந்தை. ஸ்வீடிஷ் மொழியில் ஊரின் பெயர் ஓபூ. தெருப் பலகைகளில் இரண்டு மொழியும் இருக்கின்றன. ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். ஆனால் ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள் 3,000 பேரோ நூற்றுக்கு 8 பேரோ இருந்தால் அது இருமொழி நகராட்சி என்கிறது ஃபின்லாந்துச் சட்டம். சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழும் நம்மவர்கள் இந்தப் பலகைகளைச் சற்று நின்று பார்க்காமல் நகர முடியாது.

இரண்டு மொழிகளின் கதையும் தேவாலயத்தில்தான் தொடங்குகிறது. 1300-ல் புனிதப்படுத்தப்பட்ட செங்கல் கட்டடம் இது. பல முறை எரிந்து, பல முறை எழுப்பப்பட்டது. ஃபின்லாந்தின் லூத்தரன் திருச்சபைக்கு இதுவே தலைமைக் கோயில். பதினாறாம் நூற்றாண்டில் இங்கே பிஷப்பாக இருந்த மிக்கயேல் அக்ரிகோலாதான் ஃபின்னிஷ் மொழிக்கு எழுத்து வடிவம் கொடுத்தவர். 1543-ல் அவர் வெளியிட்ட அரிச்சுவடிதான் ஃபின்னிஷ் மொழியில் அச்சான முதல் புத்தகம். 1548-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்துத் தந்தார். அதுவரை ஃபின்னிஷ் வீட்டிலும் வயலிலும் பேசப்படும் மொழியாக மட்டுமே இருந்தது. ஆட்சிக்கு ஸ்வீடிஷ், பூஜைக்கு லத்தீன். நண்பகலில் இந்தத் தேவாலயத்தில் ஒலிக்கும் மணியோசையை ஃபின்லாந்து வானொலி 1944-லிருந்து நாட்டுக்கு ஒலிபரப்பி வருகிறது.

உள்ளே ஒரு பக்கச் சிற்றாலயத்தில் கருப்புச் சலவைக்கல் சமாதி ஒன்று இருக்கிறது. காரின் மோன்ஸ்டாட்டர் என்ற பெண்ணுடையது. சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்வீடன் மன்னர் பதினான்காம் எரிக்கை மணந்து 1568-ல் ராணியானார். அதே ஆண்டு எரிக்கின் ஆட்சி கவிழ்ந்தது. சிறை வாழ்க்கையில் ஒரு பகுதியை அரச தம்பதி கழித்தது இதே துர்க்குவின் கோட்டையில். எரிக் இறந்த பிறகு காரின் ஃபின்லாந்திலேயே நெடுங்காலம் வாழ்ந்து 1612-ல் மறைந்தார்.

இனி அந்தத் தீயின் கதை. 1809-ல் ஃபின்லாந்து ஸ்வீடனிடமிருந்து ரஷ்யாவின் கைக்குப் போனது. ஜார் முதலாம் அலெக்சாண்டருக்குத் துர்க்கு பிடிக்கவில்லை. ஸ்வீடனுக்குப் பக்கத்தில், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வெகு தூரத்தில் ஒரு தலைநகரம் எதற்கு? 1812-ல் ஹெல்சிங்கியைத் தலைநகராக்கினார். எஞ்சியிருந்த பெருமை பல்கலைக்கழகம்தான். 1640-ல் தொடங்கப்பட்டது, நாட்டின் முதல் பல்கலைக்கழகம்.

1827 செப்டம்பர் 4. வறண்ட கோடை முடிந்திருந்தது. பலத்த காற்று. ஊர்க்காரர்களில் பலர் தாம்பெரே சந்தைக்குப் போயிருந்தார்கள். இரவு ஒன்பது மணியளவில் அனின்காயிஸ்டன்மாக்கி மேட்டில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. மர வீடுகள் நெருக்கியடித்து நின்ற ஊர். தீ ஆற்றையும் தாண்டியது. விடிந்தபோது நகரத்தின் நான்கில் மூன்று பங்கு சாம்பல். உயிரிழந்தவர்கள் 27 பேர். வீடிழந்தவர்கள் சுமார் 11,000 பேர். நார்டிக் நாடுகள் கண்ட நகரத் தீ விபத்துகளில் மிகப் பெரியது இதுதான்.

பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த சுமார் 40,000 புத்தகங்கள் எரிந்துபோயின. தப்பியவை, அன்று இரவல் போயிருந்த சில நூறு புத்தகங்கள். புத்தகத்தை நேரத்தில் திருப்பித் தராதவர்களை நூலகர்கள் வாழ்த்தியிருக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் ஹெல்சிங்கிக்கு மாற்றப்பட்டது. துர்க்கு அதை மறக்கவில்லை. ஃபின்லாந்து சுதந்திரம் பெற்ற பிறகு, 1918-ல் ஸ்வீடிஷ் மொழிக்கு ஒன்று, 1920-ல் ஃபின்னிஷ் மொழிக்கு ஒன்று என இரண்டு பல்கலைக்கழகங்களை எழுப்பிக்கொண்டது. ஃபின்னிஷ் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை தந்தவர்கள் 22,040 பேர்.

எரிந்த ஊருக்குப் புதிய வரைபடம் போட்டவர் கார்ல் லுட்விக் எங்கல். ஹெல்சிங்கியின் மையப் பகுதியைக் கட்டிய அதே ஜெர்மானியக் கட்டடக் கலைஞர். மறுபடி தீ தாவாதபடி அகலமான தெருக்கள், கட்டங்கட்டமாகப் பிரித்த மனைகள். இன்று துர்க்குவில் நடக்கும்போது தெருக்கள் ஊருக்குப் பொருந்தாத அகலத்தில் இருப்பதாகத் தோன்றினால் காரணம் அந்த ஒரு இரவுதான்.

பழைய ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க லுவோஸ்தாரின்மாக்கிக்குப் போக வேண்டும். 'மடத்து மேடு' என்று சொல்லலாம். ஊருக்கு வெளியே கைத்தொழிலாளர்கள் வாழ்ந்த ஏழைக் குடியிருப்பு. தீ இங்கே எட்டவில்லை. எங்கலின் புதிய வரைபடத்தில் இந்தக் கோணல் சந்துகளுக்கு இடம் இல்லை. இடித்துவிட்டு நேர்த்தெரு போட வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் இந்த மேட்டில் புது வீடு கட்ட யாரிடமும் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். 1940-ல் கைத்தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வேறு இடங்களில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் நட்டுக் காட்டுவார்கள். இங்கே வீடுகள் கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. முற்றத்தைச் சுற்றித் தாழ்ந்த மர வீடுகள், ஒரே அறையில் பட்டறையும் படுக்கையும். கோடையில் அச்சுக் கோர்ப்பவர், குயவர் என்று தொழில் தெரிந்தவர்கள் உட்கார்ந்து வேலை செய்து காட்டுகிறார்கள். ஒரு நாள்தான் இருக்கிறது, கோட்டையா இதுவா என்றால் இதுதான் என்பது என் கட்சி.

தீ செய்யாமல் விட்டதை மனிதர்கள் செய்தார்கள். எங்கலின் வரைபடத்தில் எழுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துர்க்குவை 1960, 70-களில் ஊர்க்காரர்களே இடித்துத் தள்ளினார்கள். மர வீடுகளும் அழகான கல் கட்டடங்களும் போய்க் கான்க்ரீட் அடுக்குகள் வந்தன. கட்டட வியாபாரிகளும் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களும் கைகோத்துக்கொண்ட இந்த வியாதிக்கு ஃபின்லாந்து முழுக்க ஒரே பெயர்: 'துர்க்கு நோய்'. மற்ற ஊர்களையும் அது தொற்றியது, ஆனால் பெயர் இந்த ஊருக்கு. சந்தைச் சதுக்கத்தில் கம்பீரமாக நின்ற ஃபீனிக்ஸ் ஹோட்டல் 1959-லேயே இடிக்கப்பட்டது. ஃபீனிக்ஸ் பறவை சாம்பலிலிருந்து எழுவதாகக் கேள்வி. கடப்பாரைக்குப் பிறகு எழுவதாக எந்தப் புராணத்திலும் இல்லை. சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் பெட்டிக் கட்டடங்களைப் பார்க்கும்போது பரிதாபத்தைவிடப் பரிச்சயம்தான் அதிகம் தோன்றுகிறது. இந்திய நகரங்களில் வாழ்கிறவர்களுக்கு இந்த நோய் தெரியாததா?

கட்டடங்களை மறந்துவிட்டுச் சதுக்கத்தின் தரையைப் பார்த்தால் மனம் ஆறும். கோடைச் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி, புது உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி. எடை போடுவதில்லை, லிட்டர் கணக்கில் அளந்து கொட்டுகிறார்கள், நம் ஊர்ப் படிக் கணக்குப் போல. பட்டாணியை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போய் வேகவைப்பதாகத் தெரியவில்லை. ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து தோலை உரித்துப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். சைவர்களுக்கு இதுவும் கம்பு ரொட்டிபோல் கறுத்த ரை ரொட்டியும் ஒரு பகல் தாங்கும். மற்றவர்களுக்கு 1896-ல் கட்டிய சந்தைக் கூடத்தில் சால்மன் சூப் காத்திருக்கிறது.

புதைந்துபோனதும் ஒரு வகையில் தப்பியதுதான். ஆற்றோரத்தில் ரெட்டிக் என்ற புகையிலைக் குடும்பம் 1928-ல் கட்டிய மாளிகையை நவீன ஓவியக் கூடமாக்க முனைந்தபோது தரைக்கடியில் இடைக்காலத் தெருவும் வீட்டுச் சுவர்களும் வெளிப்பட்டன. 1995-ல் திறந்த அருங்காட்சியகத்தில் கீழே பழைய துர்க்கு, மேலே புதிய ஓவியம். படியிறங்கினால் எழுநூறு ஆண்டுக்கு முந்தைய சந்தில் நடக்கலாம். பக்கத்திலேயே பழைய பெருஞ்சதுக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நண்பகலில் பிரிங்காலா மாளிகையின் பால்கனியிலிருந்து 'கிறிஸ்துமஸ் அமைதி' அறிவிக்கப்படுவது இங்கேதான். பதினான்காம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். அமைதியைக் குலைப்பவருக்குக் கடும் தண்டனை என்று ஃபின்னிஷிலும் ஸ்வீடிஷிலும் எச்சரிப்பார்கள். அதன் ஏடும் 1827 தீயில் போய்விட்டது. இன்று படிக்கப்படுவது நினைவிலிருந்து திரும்ப எழுதியது.

தேவாலயத்திலிருந்து ஆற்றோடு கீழே நடந்தால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் கோட்டை. வழியில் ஔரா பாலத்தருகே வெண்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார் பாவோ நுர்மி. 1897-ல் இந்த ஊரில் பிறந்து, ஒன்பது ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற ஓட்டக்காரர். 1952-ல் ஹெல்சிங்கி மைதானத்துக்குள் ஜோதியோடு ஓடிவந்தவர் அவர்தான். நம் கே.டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றதும் அதே ஒலிம்பிக்கில்.

இன்னும் கீழே பாலங்கள் முடிந்துபோகும் இடத்தில் 'ஃபோரி' என்ற ஆரஞ்சு நிறக் குட்டிப் படகு. 1904-லிருந்து கரைக்குக் கரை போய்வந்துகொண்டிருக்கிறது. நீராவி, டீசல் என்று மாறி 2017-லிருந்து மின்சாரத்தில் ஓடுகிறது. பயணம் ஒன்றரை நிமிடம். கட்டணம் கிடையாது. சைக்கிள், குழந்தை வண்டி, நாய் எல்லாவற்றோடும் ஏறலாம். துர்க்குவில் எதுவும் பார்க்க நேரமில்லை என்பவர்கூட இதில் ஒரு முறை போய்வரலாம். அதற்கடுத்து இரண்டு பாய்மரக் கப்பல்கள்: 1902-ல் பிரான்ஸில் கட்டிய 'சுவோமன் யோட்சன்', 1887-ல் கோத்தன்பர்க்கில் கட்டிய மரக் கப்பல் 'சிகின்'.

கோட்டை 1280 வாக்கில் ஸ்வீடன்காரர்கள் தொடங்கியது. அப்போது இது ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு தீவு. பனியுகத்தில் பனிப்பாளத்தின் எடையில் அழுந்திய நிலம் இன்னும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும்பிக்கொண்டே இருப்பதால் கடல் விலகி, கோட்டை தரையோடு சேர்ந்துவிட்டது. 1563-ல் மன்னர் எரிக்கின் படை இங்கே முற்றுகையிட்டு அவருடைய தம்பி யோஹானைச் சிறைபிடித்தது. ஏழு ஆண்டு கழித்து யோஹான் மன்னர், எரிக் இங்கே கைதி. முற்றுகைக்கு முன் யோஹானும் அவருடைய போலந்து மனைவி கத்தரீனாவும் நடத்திய ஆடம்பர தர்பாரின் அறைகள் மேல்தளத்தில். 1941-ல் சோவியத் குண்டுவீச்சில் சிதைந்து, 1961-ல் சீரமைப்பு முடிந்தது. வெளியே வெள்ளைச் சுவர்கள் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கின்றன. உள்ளே நுழைந்து, தாழ்ந்த கதவுகளில் தலை தட்டாமல் இரண்டு மணி நேரம் சுற்றினால் அந்த எண்ணம் மாறும்.

கோட்டைக்கு எதிரேயே துறைமுகம். ஸ்டாக்ஹோம் போகும் கப்பல்கள் இரவு கிளம்பி, ஆயிரக்கணக்கான தீவுகளுக்கு நடுவே நெளிந்து மறுநாள் காலை போய்ச் சேர்கின்றன. ஷெங்கன் விசா இருந்தால் இரண்டு நாடுகளுக்கும் அதுவே போதும். ஜூனில் போகிறவர்கள் கப்பலின் மேல்தளத்தில் இடம் பிடிப்பது நல்லது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்க வேண்டிய வெளிச்சம் அது.